விளக்கு அணைந்த நாட்களுக்கும் கூலி

பங்குனி வெயிலில் புளி உலர்த்திக்கொண்டிருக்கும் அம்மா, அசாம் மழையில் நனைந்துகொண்டிருக்கும் மகனுக்கு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. கிணற்றில் இந்தக் கோடையிலும் தண்ணீர் கீழே போகவில்லை.

உன் கடிதம் சந்தை நாளன்று வந்தது. தபால்காரர் அதை ஜமுனாமரத்தூர் சந்தையிலேயே, புளி மூட்டைகளுக்கு நடுவில் என் கையில் கொடுத்துவிட்டார். கல்யாணம் வைகாசியில்தானே, பட்டு வேட்டியைப் பற்றியோ, பச்சையம்மாவுக்கு என்ன நிறத்தில் புடவை எடுப்பது என்றோ, பையன் வெட்கப்பட்டுக்கொண்டே ஏதாவது எழுதியிருப்பான் என்று நினைத்து நின்றபடியே பிரித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எண்ணெய்க் கிணறு! துருப்பிடித்த குழாய், சிமென்ட் அடைப்பு, மணல், வாயு, செலவு மதிப்பீடு. கட்டிக்கொள்ளப் போகிறவளைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி, "மாமா வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்." அந்த "எல்லாரும்" அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளை நீயே வந்து சமாதானம் செய்துகொள், என்னால் ஆகாது.

நீ எழுதியதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். தப்பாக இருந்தால் சிரிக்காதே. வெள்ளைக்காரன் காலத்தில் தோண்டி, எண்ணெய் குறைந்ததும் வாயை அடைத்துவிட்டுப் போன கிணறுகள் அங்கே காட்டுக்குள் கிடக்கின்றன. இப்போது எண்ணெய் வேண்டியிருப்பதால் அவற்றைத் திரும்பத் திறந்து பார்க்கிறீர்கள். முதல் கிணற்றை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அடியிலிருந்து வாயு கிளம்பிய நாட்களில் நீ வேலையை நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினாய். அவர்கள் தினக்கூலிக்காரர்கள், வேலை இல்லாத நாளுக்குக் கூலி கிடையாது. "ஒன்றும் ஆகாது பாபு, எங்களை விடுங்கள்" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். நீ விடவில்லை. இப்போது செலவுக் கணக்கை எழுதித் தரச் சொல்கிறார் உன் மேலதிகாரி. வேலை நின்ற நாட்களுக்கும் ஆட்களுக்குக் கூலி உண்டு என்று நீ அதில் எழுத நினைக்கிறாய். எழுதினால் கிணறு கட்டுப்படியாகாது என்று மேலே உள்ளவர்கள் தள்ளிவிடுவார்கள், பழைய கிணற்று வேலையையே மூடிவிடுவார்கள், உன் உத்தியோகமும் அதோடு போகும் என்கிறார் அவர். எழுதாமல் விட்டால் கிணறும் பிழைக்கும், நீயும் பிழைப்பாய். கல்யாணத்துக்கு முன்னால் வேலை போனால் பெண் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பயம் வேறு உனக்கு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "நம் கிணற்றைத் தூர் எடுத்ததற்கு மொத்தம் என்னதான் செலவு ஆனது அம்மா? போதும், நிறுத்திவிடலாம் என்று அப்பாவுக்குத் தோன்றியதே இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய்.

உண்மையைச் சொல்கிறேன். படித்து முடித்ததும், "போதும்டா, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு" என்று ஒரு கார்டு வாங்கி எழுதிப் போடத்தான் கால் ஓடியது. நீ வேடிக்கையாக எழுதியிருக்கிறாய், "நம் ஊரில் கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்ப்போம், கெட்ட காற்று இருந்தால் விளக்கு அணையும். இங்கே விளக்கைக் காட்டினால் விளக்கு அணையாது அம்மா, நாங்கள்தான் அணைந்துபோவோம்" என்று. பெற்றவளிடம் பேசுகிற வேடிக்கையா இது? தபால் நிலையத்து வாசல் வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்றபோது உன் கடைசிக் கேள்வி திரும்ப மனதில் வந்தது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நீ அவரைப் பற்றி என்னிடம் வாய்திறந்து கேட்பது இதுதான் முதல்முறை. அதற்கு ஒரு கார்டில் பதில் எழுதினால் அவருக்கே கோபம் வரும். அதனால் காகிதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இது உனக்கு முழுதாகத் தெரியாத கதை. உனக்கு மாமனாக இருந்து இப்போது மாமனாராகவும் ஆகப் போகிற கோவிந்தனுக்கு இதில் கொஞ்சம் வெட்கம் உண்டு, அதனால் யாரும் உன் காதில் போடவில்லை. இப்போது அவனைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நம் கிணற்றை நாம் வெட்டவில்லை. உன் அப்பா அந்த நிலத்தை வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே, செங்கத்திலிருந்து வந்த ஒரு புளிக் குத்தகைக்காரர் தன் மாடுகளுக்காகவும் கூலியாட்களுக்காகவும் வெட்டியது. சில வருஷம் தண்ணீர் கொடுத்ததாம். பிறகு மழை பொய்த்து வற்றிப்போனது. அவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். பக்கச்சுவர் சரிந்து உள்ளே விழுந்தது, ஊர்க் குப்பை விழுந்தது, முள்மரம் முளைத்தது. நான் கல்யாணமாகி வந்தபோது அது ஒரு பெரிய பள்ளம், அவ்வளவுதான். ஓடைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் இடுப்பு தேய்ந்தது. புதுக் கிணறு வெட்டலாமே என்றேன். "முன்னாடியே வெட்டின கெணறு கெடக்கும்போது புதுசு எதுக்கு? இதுல செலவு கம்மி" என்றார் உன் அப்பா. அங்கேதான் ஆரம்பம். புதுக் கிணற்றில் மண்ணையும் பாறையையும் எடுத்தால் போதும். பழைய கிணற்றில் முன்னால் இருந்தவன் விட்டுப்போனதையெல்லாம் எடுக்க வேண்டும். உடைந்த ஏற்றமரம், அழுகின கயிறு, சரிந்த கல், செத்த நாய் எல்லாம் அதற்குள் இருந்தது. நீ எழுதியிருக்கிறாயே, குழாய்க்குள் உடைந்து விழுந்த ஒரு கருவியை வெளியே எடுக்கவே பாதி நாள் போகிறது என்று, அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, கொக்கியில் எது மாட்டுகிறது என்று தெரியாமல் உன் அப்பா கிணற்று வாயில் குப்புறப் படுத்துக் கிடந்தது அப்படியே கண்ணில் வந்தது. ஒருநாள் பூராவும் முயன்று, கடைசியில் மாட்டியது அவர் முதல்நாள் தவறவிட்ட அவருடைய சொந்தக் கடப்பாரை!

ஆட்களுக்குக் கூலி கொடுக்க நம்மிடம் எதுவும் இல்லை. மலையில் யாரிடமும் இல்லை. மாற்றாள் முறை ஒன்றுதான் வழி. இன்று நீ என் காட்டுக்கு வா, இன்னொரு நாள் நான் உன் காட்டுக்கு வருகிறேன். நம் வீட்டு மாடத்தில் வீட்டுக்கு ஒரு கொட்டாங்கச்சி என்று வரிசையாக வைத்திருந்தார் உன் அப்பா. ஒருவன் நமக்கு ஒருநாள் உழைத்தால் அவன் கொட்டாங்கச்சியில் ஒரு புளியங்கொட்டை விழும். நாம் அவன் நிலத்தில் ஒருநாள் உழைத்தால் ஒன்றை எடுத்துவிடுவோம். கொட்டை விழுவது பொழுது சாய்ந்து எல்லாரும் கால் கழுவிய பிறகுதான். பாதியில் எழுந்து போனவனுக்குக் கொட்டை கிடையாது. இன்னொன்றும் உண்டு. முறைக்கு வந்து நின்றவனை வேலை இல்லை போ என்று திருப்பி அனுப்பக் கூடாது, அது சாப்பிட உட்கார்ந்தவனை எழுப்பி விடுவதைப் போல. இந்த இரண்டு வழக்கமும் தனித்தனியாக நல்லவைதான். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மனுஷனைக் கொல்லப் பார்க்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

கோவிந்தனுக்கு அப்போதுதான் கல்யாணமாகி இருந்தது. முனியம்மாவின் தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட மாறவில்லை. அவன் புதிதாகக் கல் பொறுக்கித் திருத்தின ஒரு துண்டு நிலத்தில் சாமை விதைக்க வேண்டும், அதற்கு மழைக்கு முன்னால் உழுதாக வேண்டும், அதற்கு உன் அப்பாவும் நம் மாடுகளும் வேண்டும். அதனால் அவசர அவசரமாகக் கொட்டை சேர்த்துக்கொண்டிருந்தான். கிணறு அப்போது ஒரு வீட்டின்மேல் இன்னொரு வீட்டைத் தூக்கி வைத்த ஆழம் போயிருந்தது. தினமும் காலையில் அரிக்கன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்குவது. அன்று விளக்கு அடிக்குப் போவதற்குள் பொசுக்கென்று அணைந்தது. எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். வேப்பங்கிளைகளைக் கட்டாகக் கட்டி உள்ளே விட்டு மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்கினார்கள். நீ புளியமரத்தடியில் ஓணானைத் துரத்திக்கொண்டிருந்தாய், இதெல்லாம் உன் கண்ணில் எங்கே படும்!

"மாமா, இன்னிக்கி வுட்டா எனக்கு ஒரு நாளு போய்டும். மழை வந்துட்டா இன்னா பண்ணுவேன் சொல்லு. நான் எறங்கறேன்" என்றான் கோவிந்தன்.

"இன்னொரு வாட்டி வெளக்கு வுட்டுப் பாக்கலாம் இரு" என்றார் உன் அப்பா.

இரண்டாம் முறை விளக்கு அணையவில்லை. ஆனால் அடியில் போய் நடுங்கியது. நான் கூழ்ப்பானையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன், எனக்கே தெரிந்தது. உன் அப்பாவும் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்ததையும் பார்த்தேன். சொல்லவில்லை. முறைக்கு வந்து நிற்கிறவனை எப்படித் திருப்பி அனுப்புவது? கோவிந்தன் கயிற்றைப் பிடித்து இறங்கினான். ஒரு கூடை மேலே வந்தது. இன்னொரு கூடை வந்தது. அடுத்த கூடைக்கு அவன் கயிற்றை ஆட்ட வேண்டும். ஆடவில்லை.

"கோயிந்தா! டேய் கோயிந்தா!"

பதில் இல்லை. உன் அப்பா துண்டைத் தண்ணீர்ப் பானையில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். யாரும் தடுப்பதற்கு நேரமில்லை. நான் தடுத்திருப்பேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கோவிந்தனைக் கட்டியிருக்கிறார், கீழிருந்து கயிறு ஆடியதும் இழுத்தோம். ஆண்கள் இழுத்தார்கள், நான் இழுத்தேன், முனியம்மா என் பின்னால் நின்று, அழாமல், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கோவிந்தன் நனைந்த சாக்கு மூட்டையாக மேலே வந்தான். அதற்குப் பின்னால் உன் அப்பா எப்படியோ படிக்கல்லைப் பிடித்து ஏறி வந்து, மண்ணில் விழுந்து வாந்தி எடுத்தார். கோவிந்தனுக்கு விசிறினோம், தண்ணீர் அடித்தோம், கன்னத்தில் அறைந்தோம். முனியம்மா அறைந்த அறையில்தான் அவன் பிழைத்தான் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். கண்ணைத் திறந்தான். சுற்றிலும் பார்த்தான். உன் அப்பாவைக் கண்டுபிடித்தான்.

"மாமா... பாதியில வந்துட்டேன். எனக்கு இன்னிக்கி கொட்டை உண்டா?"

அந்தக் கேள்வியை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன் கண்ணு. உயிர் போய்த் திரும்பி வந்தவனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். உன் அப்பா எழுந்தார், தள்ளாடிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார், மாடத்துக்குப் போய்க் கோவிந்தன் கொட்டாங்கச்சியில் ஒரு கொட்டையைப் போட்டார். பிறகு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். "வெளக்கு நடுங்கனத நான் பாத்தேன். வந்தவன இன்னான்னு சொல்லித் திருப்பி அனுப்பறதுன்னு வாய மூடிக்கினேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் காலையில் மாடத்திலிருந்த கொட்டாங்கச்சிகளையெல்லாம் ஒரு முறத்தில் அடுக்கிக் கிணற்று மேட்டுக்கே கொண்டுபோய்விட்டார். "இனிமே காலைல வந்து நின்னதும் கொட்டை. அதுக்கு அப்பறம்தான் வெளக்கு. வெளக்கு அணைஞ்சா எல்லாரும் கூழு குடிச்சிட்டு வூட்டுக்குப் போங்க. கொட்டை உங்களுதுதான்" என்றார். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஒரே சிரிப்பு. "அப்போ நான் தெனமும் வர்றேங்க, வெளக்க ஊதி அணைக்க ஒரு ஆளு வெச்சிக்கலாம்" என்றான் ஒருவன். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கு அணைந்த நாட்கள் அந்தக் கோடையில் நிறைய வந்தன. ஒரு கூடை மண்கூட வெளியே வராமல் கொட்டைகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு கொட்டையும் நானும் உன் அப்பாவும் யாரோ ஒருவர் காட்டில் முதுகு வளைய வேண்டிய ஒருநாள். நான் சண்டைக்காரி என்று உனக்குத் தெரியுமே, மூன்று வேளையும் சண்டை. "இன்னாங்க இது, கெணறு எடுக்கறீங்களா, ஊருக்குக் கொட்டை தானம் பண்றீங்களா?" என்று ஒருநாள் முறத்தையே தூக்கிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. முறத்தை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "செத்தவனுக்கு எத்தினி கொட்டை போடுவே, சொல்லு, அதையே போட்டுடலாம்" என்றார். நான் அப்புறம் அந்த முறத்தைத் தொடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கவனித்ததைச் சொல்கிறேன். முன்பெல்லாம் உள்ளே இருப்பவனுக்குத் தலை சுற்றினாலும் சொல்ல மாட்டான், கொட்டை போய்விடும். இப்போது, "மாமா, கண்ணு ஒரு மாதிரி இருக்குது, நான் மேல வர்றேன்" என்று அவனவனே சொன்னான். மேலே வந்து உட்கார்ந்தான். யாரும் யாரையும் முறைக்கவில்லை.

தண்ணீர் கிடைத்தது அப்படி எல்லாரும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான். கோவிந்தன் விழுந்ததிலிருந்து முனியம்மா அவனைத் தனியாகக் கிணற்றுக்கு அனுப்புவதில்லை. கூடவே வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொள்வாள். அன்று விளக்கு அணைந்திருந்தது. கூழ் குடித்துவிட்டு ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடப்பாரைச் சத்தமில்லை, கப்பிச் சத்தமில்லை. முனியம்மா திடீரென்று, "சும்மா இருங்க, உள்ள இன்னாமோ சொட்டுது" என்றாள். யாரும் நம்பவில்லை. அவள் வீட்டுக்கு ஓடி, கல்யாணத்துக்கு வாங்கின முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து, வெயிலைப் பிடித்துக் கிணற்றுக்குள் திருப்பினாள். அடியில் இல்லை, பாதிச் சுவரில், சரிந்து விழுந்த பழைய கற்களுக்குப் பின்னால் ஓர் இடம் ஈரமாக மின்னியது. நாங்கள் இவ்வளவு நாளும் ஊற்றைத் தேடி அடியைக் குடைந்துகொண்டிருந்தோம். அது பக்கத்தில், கெட்ட காற்று எட்டாத உயரத்தில், கல்லால் வாய் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. விளக்கு அணையாத நாள் பார்த்து அந்தக் கற்களைப் பிரித்தார்கள். முதலில் சேறு, பிறகு கை மொத்தத்துக்குத் தண்ணீர். உன் அப்பா அதில் துண்டை நனைத்துக்கொண்டு வந்து என் தலையில் பிழிந்தார். அத்தனை பேர் முன்னால்! எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது, இரண்டு நிமிஷத்தில் இரண்டும் போய்விட்டது.

மொத்தம் என்ன செலவு என்று கேட்டாயே. அடுத்த வருஷம் முழுக்க நாங்கள் இருவரும் ஊரார் காட்டில் இருந்தோம். நம் சாமை காலம் தவறி விதைத்து, பாதிகூட வீடு வந்து சேரவில்லை. "மறுபடியும் கொள்ளா?" என்று நீ தட்டைத் தள்ளிவிட்டது நினைவிருக்கிறதா? அது நீ பிடிவாதக்காரன் என்பதால் அல்ல, வீட்டில் வேறு எதுவும் இல்லாததால். கொட்டாங்கச்சிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. கடைசியாக மிஞ்சியது கோவிந்தனுடையது, அதில் ஒரே ஒரு கொட்டை. அவன் பாதியில் மேலே வந்த நாளின் கொட்டை. உன் அப்பா அதற்கு வேலை செய்ய ஏரைப் பூட்டிக்கொண்டு போனபோது கோவிந்தன் வரப்பில் படுத்துவிட்டான். "என் மேல ஏரு ஏத்திக் கொன்னுட்டு அப்பறம் உழுவு. தூக்கினு வந்தவன் நீ, உங்கிட்ட நான் வேலை வாங்கறதா?" என்றான். "கொட்டை வுழுந்தது வுழுந்ததுதான்" என்றார் அவர். ஆளுக்கு ஆள் சளைக்கவில்லை. வருஷா வருஷம் விதைப்பு வந்தால் இந்தச் சண்டையும் வரும், எதற்கென்று உனக்குத்தான் தெரியாது. அந்தக் கொட்டை நம் மாடத்திலேயே இருந்தது. உன் அப்பா போனபோதும் இருந்தது.

கிணற்றுக்குத் தண்ணீர் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் முனியம்மாவுக்குப் பெண் பிறந்தது. பச்சையம்மா என்று பேர் வைத்தார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டின முதல் தண்ணீர் நம் கிணற்றுத் தண்ணீர்தான், குடத்தில் நான்தான் கொண்டுபோனேன். நீ கூடவே வந்து, "இன்னா இது இவ்ளோ சின்னதா இருக்குது" என்று கேட்டாய். இப்போது அதைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாய். அன்றைக்கு உன் அப்பா இறங்கின பிறகும் அந்தக் கயிறு ஆடாமலே போயிருந்தால் அவள் ஏது? உன் கல்யாணம் ஏது? எந்த மதிப்பீட்டில் அவளைச் சேர்த்திருக்க முடியும்? அப்போது அவள் பிறக்கவே இல்லையே. நீ அங்கே திருப்பி அனுப்பினாயே, அந்த ஆட்களுக்கும் இனிமேல் பிறக்கப் போகிற பிள்ளைகள் இருப்பார்கள்.

அதனால் என் பதில் இதுதான். எழுது. வேலை நின்ற நாளுக்கும் கூலி உண்டு என்று நன்றாகத் தெரிகிற மாதிரி எழுது. வாயு வருகிற கிணற்றில் வேலை நிற்கும், அது உனக்கும் தெரியும், உன் அதிகாரிக்கும் தெரியும். அந்த நாளின் கூலியை அவர்கள் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுப்பார்கள், கோவிந்தன் கொடுக்கப் பார்த்ததைப் போல. அதையும் சேர்த்துக் கூட்டின பிறகு கிணறு கட்டுப்படியானால் திறக்கட்டும். ஆகாவிட்டால் மூடியே கிடக்கட்டும், இத்தனை வருஷம் கிடந்த எண்ணெய் எங்கேயும் ஓடிப்போகாது. உன் அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு கிணற்றையாவது திறந்து காட்டிவிட வேண்டும் என்ற ஆசை இருக்கும், உன் அப்பாவுக்கு இருந்ததைப் போல. விளக்கு நடுங்குவதைப் பார்த்தும் வாயை மூடிக்கொள்ள வைக்கிற ஆசை அது. வேலை போனால் வந்துவிடு. காவலூர்ப் பக்கம் நட்சத்திரம் பார்க்கிற கட்டடம் எழும்புகிறது, அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் சாமை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் கோவிந்தன் வீட்டுக்குப் போய் உன் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். உனக்குப் பயமாக இருந்ததே, பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று, அதனால் மறைக்காமல் எல்லாவற்றையும் படித்தேன். முனியம்மா கேட்டுக்கொண்டே புளி தட்டினாள், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பச்சையம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "வேல போனா போவுது அத்த. ஆளு முழுசா வந்தா போதும்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். புடவை அரக்கு நிறத்தில் வேண்டுமாம், அதையும் எழுதிவிட்டேன். கோவிந்தன் என்னோடு நம் வீட்டுக்கு நடந்து வந்து, மாடத்தைத் துழாவித் தன் கொட்டாங்கச்சியிலிருந்து அந்த ஒற்றைக் கொட்டையை எடுத்தான்.

"இத மாப்ளைக்கி அனுப்பிச்சுடுக்கா" என்றான்.

"டேய், அது நாங்க உனக்குக் குடுக்க வேண்டிய நாளுடா."

"உம் புள்ள அங்க அந்த ஆளுங்கள எறங்க வுடாம அனுப்பிச்சானே, அந்த நாள அவங்களுக்குக் குடுத்துட்டான். எனக்கு வந்து சேந்துடுச்சிக்கா" என்றான்.

மகனுக்கு நன்றி சொல்வது நம் வழக்கத்தில் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். உனக்கு அந்தக் கதை தெரியாது, கொட்டையைப் பற்றித் தெரியாது, அப்பா அழுததும் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், அத்தனை தூரத்தில், பாஷை தெரியாத ஆட்கள் கெஞ்சியபோது, நீ அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். அவரால் அன்று ஒரு காலையில் முடியாமல் போனது உன்னால் முடிந்திருக்கிறது. அதைக் கேட்க அவர் இல்லை, நான் இருக்கிறேன். கொட்டையைக் காகிதத்தில் மடித்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது கீழே விழுந்துவிடப் போகிறது, பார்த்து எடு. உன் அப்பா கையால் போட்டது.